ரெண்டு சிலிண்டர், ஒரு டேங்க், ஒரு பம்பு

அந்த ஃபைல அப்பிடிக் கவுத்து வெக்காதீங்க தம்பி. கவுத்து வெச்சாத்தானுங்க எல்லாரும் பாப்பாங்க. நேரா வெச்சீங்கன்னா கிட்னியில கல்லுன்னு நெனச்சுட்டுப் போயிருவாங்க. இந்த டாக்டரு கல்லுக்கும் டாக்டருதான, நம்முளுக்கும் டாக்டருதான. நானும் மொதல்ல வந்தப்ப இப்பிடித்தான், ஃபைல சட்டைக்குள்ள சொருகீட்டு உக்காந்திருந்தேன். நர்சம்மா பேரச் சொல்லிக் கூப்புடறாங்க, நான் எந்திரிக்கவே இல்ல. பக்கத்துல இருந்தவரு "சென்னியப்பன் யாருங்க?"ன்னு எங்கிட்டயே கேக்கறாரு. "தெரியலீங்களே"ன்னு சொல்லிப்போட்டு, நேரா எந்திரிச்சு உள்ள போனேன்.

தம்பிக்கு எந்த ஊருங்க? பல்லடமா. செரி செரி. ஊட்ல கூட வந்திருக்காங்களா? இல்லியா. விசயமாவது தெரியுங்களா அவுங்களுக்கு? செரி, உடுங்க, கேக்கல.

நம்முளுக்கு நெகமம் பக்கம். ரோட்டு மேலயே மோட்டாரு கட. சப்மெர்சிபிளு, கம்ப்ரசரு, பைப்பு, கேபிளு எல்லாம் இருக்குது. சுத்துப்பட்டுல எந்தத் தோட்டத்துல தண்ணி ஏறுனாலும் அதுல என்ற கை இருக்கும். மோட்டாருக்குப் பக்கத்துலயே நின்னு நின்னு காது கொஞ்சம் மந்தமுங்க, அதனால பேச்சு சத்தமா வரும். ஆனா இந்த மாதிரி விசயத்த நான் தொண்டையத் தணிச்சுத்தான் பேசுவேன். இப்பக்கூட தணிச்சுத்தான் பேசறேன். அந்தம்மா எதுக்கு எந்திரிச்சு அக்கட்டப் போறாங்க? ஃபேன் காத்து வேணுமாட்ட இருக்குது.

என்ற ஊட்டுக்காரி உள்ள இருக்கறா. துளசிமணின்னு பேரு. அந்தக் கண்ணாடி ரூமு தெரியுதுங்களா, அதுலதான். நானும் கூடத்தான் போனேன். "நீங்க இருந்தா மோட்டாரு பேச்சுத்தான் நடக்கும், வெளிய உக்காருங்க"ன்னு அனுப்பிச்சுட்டா. இப்ப உள்ளயிருந்து வந்து அவ ஒரு வார்த்த சொல்லோணும். ஆப்ரேசன் பண்ணிக்கலாமா, வேண்டாமா. நீ சொல்றதுதான் அம்மிணி முடிவுன்னு நான் கையெடுத்துட்டேன். வேண்டாம்னு சொன்னா என்ற மனசு ஒடஞ்சு போகும். வேணும்னு சொன்னா எனக்குப் பயத்துல கை காலு ஓடாது. ரெண்டுல எதுக்கு நான் வேண்டிக்கறதுன்னே தெரியாம உக்காந்திருக்கறேன், ஆனா பாருங்க, சிரிப்பு மட்டும் வந்துட்டே இருக்குது.

சிரிப்பு எதுக்குன்னு கேக்கறீங்களா? கேக்கலியா? பரவால்ல, சொல்றேன். டோக்கன் இன்னும் தூரத்துல இருக்குது.

எனக்கு சக்கர வந்து வெகு காலமாச்சு. சக்கர என்ன பண்ணுமுங்க, மொதல்ல கண்ணுங்கறாங்க, காலுங்கறாங்க. எனக்குக் கண்ணும் நல்லாருக்குது, காலும் நல்லாருக்குது. நேரா ஹெட் ஆபீசுலயே கை வெச்சிருச்சு. சுச்சு போட்டா மோட்டாரு ஓடற சத்தம் கேக்கும், தண்ணி வராது. அந்த மாதிரி. அதுல எனக்கு என்ன பண்றதுன்னு தெரியாம, "எனக்குக் கொறட்ட சாஸ்தியாயிருச்சு அம்மிணி, உன்ற தூக்கம் கெடுது"ன்னு சொல்லிப்போட்டு, கட்டில எடுத்துட்டுப் போயி கடைக்குப் பொறகால ஆபீசு ரூமுல போட்டுட்டேன். அவளுக்கு நல்லதுன்னுதானுங்க பண்ணுனேன். என்ற நெனப்பெல்லாம் எப்பவும் அவளச் சுத்தித்தான் இருக்கும்.

மாத்திர குடுத்தாங்க. தலவலி வந்துச்சு, மூஞ்சி செவந்துச்சு, மத்தபடி ஒண்ணும் நடக்கல. கடைக்கு வந்தவுங்க எல்லாம் "என்னங்கண்ணா, புது மாப்ளையாட்டம் செவந்திருக்கறீங்க"ன்னு கேட்டாங்க. வெறும் பேருதான் வந்துச்சு. அப்பறம் ஒரு குழாய் குடுத்தாங்க, அதுக்குள்ள வெச்சுக் கையால அடிச்சுக் காத்த உறிஞ்சோணுமாம். எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். எங்கூர்ல இருந்த அடிபம்பையெல்லாம் கழட்டிப்போட்டு சப்மெர்சிபிளு எறக்குனவன் நானு. எனக்கே அடிபம்பான்னு திருப்பிக் குடுத்துட்டேன்.

மனசு கேக்காம எங்கூர் மாட்டு டாக்டருகிட்டயும் போனேன். நல்ல மனுசன், பழக்கமானவரு, எதையும் வெளிய சொல்ல மாட்டாரு. எல்லாத்தையும் கேட்டுட்டு, "காளையா இருந்தா வித்துருங்கன்னு சொல்லுவேனுங்க. உங்கள என்ன பண்றதுன்னு எனக்குப் படிப்புல சொல்லித் தரல"ன்னாரு.

அப்பறந்தான் இந்த டாக்டரு. உக்கார வெச்சாரு, மேசை மேல ஒரு சாமானத்த எடுத்து வெச்சாரு. தம்பி, நான் என்ன சொல்றது போங்க! எனக்கு அப்பிடியே கண்ணுல தண்ணி வந்துருச்சு. ரெண்டு சிலிண்டரு, ஒரு டேங்கு, ஒரு பம்பு, நடுவுல ட்யூபு. சாட்சாத் பம்பு செட்டுங்க! ரெண்டு சிலிண்டரையும் ஹெட் ஆபீசுக்குள்ள வெச்சுத் தெச்சிருவாங்களாம். டேங்கு அடிவயித்துல. பம்பு கீழ, வெதப் பையில, வெளிய ஒருத்தருக்கும் தெரியாது. அத நாலு அமுக்கு அமுக்குனா டேங்குத் தண்ணி சிலிண்டருக்கு ஏறும். வேல முடிஞ்சு இன்னொரு எடத்த அமுக்குனா தண்ணி பழையபடி டேங்குக்கே போயிரும். இத்தன வருசமா ஊருக்கெல்லாம் செட்டு மாட்டுன எனக்கு, கடவுளு இப்பிடி ஒரு செட்டு எழுதி வெச்சிருக்கறானேன்னு நெனச்சேன்.

நானும் சும்மா உடல. "டாக்டரு, ஃபூட் வால்வு இருக்குதுங்களா?"ன்னேன். "ஏர்லாக் ஆனா யாரு எடுக்கறது?"ன்னேன். அவரு கண்ணாடியக் கழட்டி மேசை மேல வெச்சுட்டு, "ஐயா, இது மூடுன அமைப்பு, காத்துப் புகாது, உள்ள உப்புத்தண்ணிதான் இருக்கும்"னாரு. "உப்புத்தண்ணியா! ஏனுங்க டாக்டரு, உப்புத்தண்ணி மோட்டார அரிச்சிருமுங்களே!"ன்னு நான் எந்திரிச்சே நின்னுட்டேன். அப்பறம் அவருதான் ஷர்மிளா மேடத்தக் கூப்பிட்டு, "நீங்களே இவருக்குப் பொறுமையா எடுத்துச் சொல்லுங்க"ன்னு ஒப்படச்சாரு. மேடத்துக்கு அதுதான் வேல, நம்மளாட்டம் ஆளுங்களுக்கு வெளக்கிச் சொல்றது. அந்தக் கண்ணாடி ரூமு அவுங்களுதுதான்.

மேடம் ஒண்ணே ஒண்ணுதான் நெம்ப அழுத்திச் சொன்னாங்க. "இத வெச்சுட்டா அப்பறம் திரும்ப முடியாதுங்க. இயற்கையா மிச்சம் இருக்கறது போயிரும். நல்லா யோசிச்சு, வீட்லயும் கேட்டுட்டு வாங்க"ன்னாங்க. அங்க சிரிச்சுட்டேன். ஓடாத மோட்டாரக் கழட்டறதுக்கு என்னங்க யோசனைன்னு பேசிப்போட்டு வந்துட்டேன். ஆனா பஸ்ஸுல உக்காந்ததும் யோசன வந்துருச்சு தம்பி. ஏன்னா, சில நாளு வெள்ளெனே, கோழி கூப்புடற நேரத்துல, நானும் இருக்கறனப்பான்னு அது ஒரு சாட காட்டும். ஒண்ணுத்துக்கும் ஆகாது. கண்ண முழிச்சு அட, வாப்பான்னு கூப்புடறதுக்குள்ள போயிரும். ஆனாலும் அது என்ற சொந்தம் பாருங்க. அந்தச் சாடையும் போயிருமாமே. கெணத்துல ஒரு சொட்டு ஊத்து இருக்கறப்ப அத மூடறதுக்குக் கை வருமுங்களா?

மாசியில இருந்து இதே வெசனம். பண்ணிக்கலாம்னு எந்திரிப்பேன், வேண்டாம்னு படுப்பேன். ஆப்ரேசனுக்கு சக்கர கொறையோணும்னு சொன்னதுனால ராகிக் களி, கொள்ளு ரசம், வெள்ளெனே நட, எல்லாம் ஆரம்பிச்சேன். ஆளே எளச்சு நிமுந்துட்டேன். தலைக்கு மை வேற போட்டேன். அது எதுக்குன்னா, ஆப்ரேசன் பண்றப்ப டாக்டரு நம்மளக் கெழவன்னு நெனச்சு அசால்ட்டா இருந்திரக் கூடாது பாருங்க. மேடத்துக்கு அப்பப்ப ஃபோனு போட்டு சந்தேகம் கேட்டுக்குவேன்.

ஒரு நாளு இப்பிடித்தான், கடைக்குப் பொறகால நின்னுட்டு மேடத்துகிட்டப் பேசறேன். நான் என்ன பேசுனேன்னு உங்களுக்கு அப்பிடியே சொல்றேன், கேளுங்க. "ரெண்டு சிலிண்டருந்தானுங்களே மேடம்? செரிங்க. டேங்கு எந்தப் பக்கம் வெப்பீங்க? பம்பு சத்தம் வராதுங்களே? அக்கம் பக்கத்துல தெரிஞ்சிரக் கூடாதுங்க. இல்லீங்க, ஊட்டுக்காரிகிட்ட இன்னும் சொல்லல. எல்லாத்தையும் செட் பண்ணிப்போட்டு அப்பறமா ஒரு நாளு சொல்லிக்கலாம்னு இருக்கறேன். உங்கள நம்பித்தானுங்க மேடம் எறங்கறேன். நாளு நீங்கதான் சொல்லோணும்." இவ்வளவுதான். சத்தமே இல்லாமப் பேசுனேன்.

செவுத்துக்கு அந்தப் பக்கம் துளசி கொள்ளு காயப்போட்டுட்டு இருந்திருக்கறா.

தம்பி, நீங்களே சொல்லுங்க. ஒரு ஆம்பள, தலைக்கு மையப் போட்டுட்டு, ஒடம்ப எளச்சுட்டு, தனியாக் கட்டிலப் போட்டுப் படுத்துட்டு, ஒரு மேடத்துகிட்ட ரெண்டு சிலிண்டரு கனெக்சனு, தண்ணி டேங்கு, மோட்டாரு பம்பு எல்லாம் செட் பண்ணீட்டு இருக்கறான், ஊட்டுக்குத் தெரியக் கூடாதுங்கறான். கேக்கறவுங்க என்ன நெனப்பாங்க? ஆங்! சிரிக்கறீங்க பாருங்க! சின்ன வீடு! எனக்கு! சென்னியப்பனுக்கு! தண்ணியே ஏறாத கெணத்துக்கு ரெண்டு தோட்டம்!

அவ எங்கிட்ட ஒண்ணும் கேக்கல. அந்த ஞாயித்துக்கெழம அவ அண்ணன் வந்துட்டாரு. நாச்சிமுத்து மச்சான். தென்னந்தோப்பு வெச்சிருக்கறாரு, மீசை பெருசு, ஊருல நாலு பேரு அவுரு பேச்சக் கேப்பாங்க. வந்து உக்காந்தாரு. காப்பி குடுத்தா தொடல. அப்பவே எனக்கு என்னமோன்னு ஆச்சு, ஏன்னா எங்கூட்டுக் காப்பிய அவுரு வேண்டாம்னு சொன்னதே கெடையாது.

"மாப்ள, நான் நேராவே கேட்டர்றேன். எந்த ஊரு?"

"எது மச்சான்?"

"ரெண்டு சிலிண்டரு வெச்சிருக்கற ஊரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு. போச்சு, ஆப்ரேசன் விசயம் வெளிய வந்துருச்சு, மானம் கப்பலேறிருச்சுன்னு நெனச்சு, "மச்சான், இன்னும் ஃபிட் பண்ணல மச்சான்"னு உளறிப்போட்டேன்.

"ஃபிட் பண்ணலியா? அப்ப இன்னும் குடி வெக்கல?"

"மேடந்தான் நாளு சொல்லோணும்."

உள்ள பாத்தரம் உழுந்த சத்தம் கேட்டுச்சு. குடி வெக்கறதுன்னா என்னன்னு எனக்கு அப்பத்தான் ஓடுச்சு. இவுங்க என்ன நெனச்சுட்டு வந்திருக்கறாங்கன்னு அப்பத்தான் வெளங்குச்சு. தம்பி, சத்தியமாச் சொல்றேன், அந்த நிமிசம் எனக்கு வந்த சந்தோசம் கல்யாணத்தன்னிக்குக்கூட வரல. உள்ளங்கால்ல இருந்து ஜிவ்வுன்னு ஏறுச்சு. ஒரு தோப்புக்காரரு, ஊருப் பெரியமனுசன், மீசைய முறுக்கீட்டு வந்து என்னைய அதட்டறாரு, எதுக்கு? இவன் ஒரு ஊடு பத்தாம ரெண்டாவது ஊடு வெச்சுட்டான்னு! நம்மளப் பாத்து ஒருத்தருக்கு அப்பிடித் தோணுதே! இல்லீன்னு சொல்ல வாயத் தொறந்தேன், மூடிக்கிட்டேன். தலையக் குனிஞ்சு, குத்தவாளியாட்டம் உக்காந்தேன். சிரிப்பு வந்தறக் கூடாதுன்னு பல்லக் கடிச்சுட்டு இருந்தேன், அத அவுரு வைராக்கியம்னு நெனச்சுக்கிட்டாரு.

"என்ற தங்கச்சி கண்ணுல தண்ணி வந்துச்சுன்னா நான் பாத்துட்டு இருக்க மாட்டேன்"னு எந்திரிச்சாரு. நானும் வாசல் வரைக்கும் போனேன். வண்டியில ஏறப் போனவரு, சுத்தியும் முத்தியும் பாத்துட்டு, என்ற தோள்ல கையப் போட்டு, காதோட காதா, "ஏன் மாப்ள, இந்த வயசுல எப்பிடி? அந்தக் கொள்ளு ரசமா?"ன்னு கேட்டாரு. நான் ஆமான்னும் சொல்லல, இல்லீன்னும் சொல்லல. ஒரு மாதிரி சிரிச்சேன். அடுத்த வாரத்துல இருந்து அவுரு ஊட்லயும் கொள்ளு ரசந்தானாம்.

அப்பறம் ரெண்டு மூணு நாளைக்கு நான் தரையில நடக்கல தம்பி. கடையில பாட்டுப் போடச் சொன்னேன். வெள்ளச் சட்ட போட்டேன். துளசி பேசலதான். ஆனா களி நேரத்துக்கு வந்துச்சு, காப்பியில சக்கர இல்லாமக் கரெக்டா வந்துச்சு. கோவமா இருந்தா சக்கரையப் போட்டுக் குடுத்திருப்பாளே? அப்ப கோவமில்லன்னு நெனச்சுக்கிட்டேன். பொம்பளைங்க மனசு எனக்கு நல்லாத் தெரியும்.

புதன்கெழம மத்தியானம், கடையில ஆளில்லாத நேரத்துல வந்தா. கவுண்டருக்கு அந்தப் பக்கம், மோட்டாரு வாங்க வந்தவுங்களாட்டம் நின்னா. "ஏனுங்க, ஒண்ணு மட்டும் கேக்கறேன், நெசத்தச் சொல்லுங்க"ன்னா. கேளுன்னேன். வெள்ளச் சட்டைய வேற இழுத்து உட்டுக்கிட்டேன்.

"அவுங்ககிட்ட நீங்க நல்லா இருக்கறீங்களா?"

எனக்கு ஒண்ணும் புரியல. என்ன அம்மிணின்னேன்.

"இல்ல, சக்கரைனாலதான் உங்களுக்கு ஆகறதில்லன்னு நான் நெனச்சுட்டு இருந்தேன். பாவம், மனுசன் சொல்ல முடியாம வெளிய போயிப் படுக்கறாரேன்னு நெனச்சுட்டு இருந்தேன். அது எங்கிட்ட மட்டுந்தான் ஆகலியா?"

தம்பி... ஒரு நிமிசம் இருங்க. தண்ணி குடிச்சுக்கறேன்.

என்ற ஜிவ்வெல்லாம் அப்பிடியே எறங்கிப் போச்சுங்க. நான் ராசாவாட்டம் வெள்ளச் சட்ட போட்டுட்டுத் திரிஞ்ச அந்த ரெண்டு மூணு நாளும், இவ இந்த ஒரு கேள்விய வெச்சுட்டு எனக்குக் களி கிண்டியிருக்கறா. கவுண்டருக்கு மேலயே நான் அவ கையப் புடிச்சுட்டேன். கட தொறந்திருக்குது, ரோட்டுல பஸ்ஸு போகுது, நான் பாக்கல. "யாருகிட்டயும் ஆகாது துளசி! யாருகிட்டயுமே ஆகாது! அது சின்ன வீடில்ல, எனக்கு வெக்கற பம்பு செட்டு!"ன்னு கத்திப்போட்டேன்.

அவளுக்குப் புரியல. அப்பறம் ஷெல்ஃபுல இருந்து ஒரு சின்ன மோட்டார எடுத்து, ட்யூப எடுத்து, கவுண்டரு மேல எல்லாத்தையும் அடுக்கி, இது டேங்கு, இது எங்க வெப்பாங்க, இது சிலிண்டரு, இது எங்க போகும்னு ஒண்ணொண்ணாச் சொன்னேன், மச்சான் வாசல்ல காதோட கேட்டதையும் சேத்து. அவ பாத்துட்டே இருந்தா. மொதல்ல ஒதடு துடிச்சுது. அழுகறாளாக்கும்னு பாத்தா, சிரிக்கறா தம்பி! பைப்புக் கட்டு மேல உக்காந்து, வயித்தப் புடிச்சுட்டு, முந்தானைய வாயில அடச்சுட்டு, சிரிக்கறா, அழுகறா, மறுபடி சிரிக்கறா. "எங்கண்ணன்... கொள்ளு ரசம்..."ங்கறா, அதுக்கு மேல பேச்சு வரல. கல்யாணமாகி இத்தன வருசத்துல அவ அப்பிடிச் சிரிச்சு நான் பாத்ததில்ல.

சிரிச்சு முடிச்சுக் கண்ணத் தொடச்சுட்டு ஒண்ணு கேட்டா. "கட்டில எதுக்கு வெளிய போட்டீங்க?" கொறட்டன்னேன். "நான் அந்தச் சத்தத்துலயே தூங்கிப் பழகுனவ. நீங்க போனதுல இருந்து எனக்குத் தூக்கமே இல்ல, தெரியுமா?"ன்னா. நான் மாட்டு டாக்டரு வரைக்கும் போயிக் கேட்டவன், இவகிட்டக் கேக்கல பாருங்க.

அதுக்கப்பறந்தான், "பண்ணலாமா வேண்டாமான்னு நீயே சொல்லு அம்மிணி"ன்னேன். அவ ஒடனே சொல்லல. "அந்த மேடத்த நான் பாக்கோணும்"னா. அதுதான் இன்னிக்குக் கூட்டிட்டு வந்திருக்கறேன். என்ற சின்ன வீட்டுக்கும் பெரிய வீட்டுக்கும் இப்ப உள்ள பேச்சுவார்த்த நடக்குது. நேரமாகுது பாருங்க. என்ன பேசுவாங்க இவ்வளவு நேரம்? வேண்டாம்னு சொல்றதுக்கு இவ்வளவு நேரம் ஆகாதுங்களே? இந்த வயசுல இனி எதுக்குங்கன்னு ஒரு வார்த்தையில சொல்லீட்டு வந்திருக்கலாமே? அப்பிடிச் சொன்னா தாங்கிக்குவனான்னு தெரியல தம்பி. அவ எனக்காகச் சொல்றதாத்தான் சொல்லுவா. ஆனா எனக்கு, இவளுக்கு நம்ம மேல ஆச இல்லியோன்னு இருக்கும்.

அதா, கதவு தொறக்குது. வந்துட்டா. மேடமும் கூட வர்றாங்க, பாருங்க, நரச்ச தல, அவுங்களுக்கே பேரன் பேத்தி இருக்குமாட்ட. ரெண்டு பேரும் கையக் கோத்துட்டு வர்றாங்களே!

இக்கட்ட வா அம்மிணி. என்ன சொன்னாங்க? என்னது? நான் பேசுனது உள்ள வரைக்கும் கேட்டுச்சா? அட, நான் மெதுவாத்தான பேசுனேன்? இந்தத் தம்பியக் கேளு. தம்பி, நான் மெதுவாத்தான பேசுனேன்? பல்லடத்துக்காரரு, நல்ல பையன். ஏன் எல்லாரும் இப்பிடிப் பாக்கறாங்க? செரி, அத உடு. சக்கர? கொறஞ்சு போச்சா? போதுமாமா? அப்ப முடிவு? சொல்லு அம்மிணி.

ஆனிக் கடைசியிலயா? ஆனிக் கடைசியில போட்டுக்கலாமா! யாரு, நீயா சொல்ற? ஏன் அம்மிணி, பொறகாலயே ஆடி பொறக்குமே, ஆடியில போயி எந்த நல்ல காரியம்...

என்ன?

தம்பி, கேட்டீங்களா என்ன சொல்றான்னு? காதக் கொண்டாங்க. ஆப்ரேசன் பண்ணி ஒண்ணர மாசத்துக்கு ஒண்ணும் கூடாதுன்னு மேடம் சொன்னாங்களாம். அதுக்கு இவ, "புதுசாக் கல்யாணமானவுங்கள எப்பிடியும் ஆடி பூராப் பிரிச்சுத்தான வெப்பாங்க. ஆனிக் கடைசியில போட்டா, ஆடி பூரா அவுரு ஆபீசு ரூமுல கெடக்கட்டும். எங்கண்ணன் ஆடிச் சீரு கொண்டாரட்டும். ஆவணியில கட்டில் உள்ள வரட்டும்"னு நாளு குறிச்சுட்டு வந்திருக்கறா! எனக்கு! அந்த மேடத்து முன்னாடி! எனக்கு வெக்கமா இருக்குது தம்பி, கன்னத்தத் தொட்டுப் பாருங்க, சுடுது, மாத்திர போட்ட மாதிரி.

என்ன அம்மிணி? ஆமா, செரி. ஆனி முடியற வரைக்கும் கட்டிலு உள்ளதான் இருக்கோணுமா? இன்னிக்கே எடுத்துப் போடோணுமா? கொறட்ட வேணுமா? போடறேன், தாயே, போனதும் மொத வேல அதுதான். அந்தச் சாட, வெள்ளெனே... அதையும் சொல்லீட்டனா நானு? எல்லாருக்கும் கேட்டுச்சா? செரி, ஆனி முடியற வரைக்கும் அதையும் ரெண்டு பேருமாப் பாத்து வழியனுப்பி வெப்போம், வா.

தம்பி, பதினேழு உங்க டோக்கன்தான? கூப்புடறாங்க பாருங்க. அட, ஃபைல உட்டுட்டு எங்க போறீங்க? ஃபோனா? ஊட்டுக்கா? நல்லது, பேசுங்க பேசுங்க, நர்சம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன், அடுத்த ஆள அனுப்பட்டும். நெகமம் பக்கம் வந்தா நம்ம ஊட்டுக்கு வராமப் போகக் கூடாது. ரோட்டு மேலயே கட, சென்னியப்பன் மோட்டாருன்னு யாரக் கேட்டாலும் காட்டுவாங்க. ஊட்லயும் கூட்டிட்டு வாங்க, விருந்து சாப்புட்டுட்டுப் போலாம். எப்ப வேணாலும் வாங்க.

ஆவணி மாசம் மட்டும் வந்தறாதீங்க.